முரல் மீனை இனங்காணல்

யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில் நின்று தெளிந்த நீரை நோக்குவோர், நீர்மட்டத்தையொட்டி வெள்ளி ஊசிகள்போல் விரையும் மீன்கூட்டத்தைக் கண்டிருப்பர். அவற்றை முரல் எனக் கூறி அமைவது நம்மவர் வழக்கம். ஆயின் அவ்வொரு பெயருள் இரு வேறு குடும்பங்கள் அடங்கும். அவற்றைப் பிரித்தறிதல் விலங்கியல் பயிலும் மாணவர்க்கு நல்லதொரு பயிற்சியாகும்.

முதற்கண் வாயை நோக்குக. கீழ்த்தாடை மட்டும் நீண்டு, மேற்றாடை குறுகி முக்கோண வடிவாயிருப்பின் அஃது அரையலகு முரல். இரு தாடைகளும் நீண்டு கூரிய பற்கள் நிரம்பியிருப்பின் அஃது ஊசிமுரல். இதன் முள் பச்சை நிறமாயிருத்தலை உண்போர் அறிவர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஊசிமுரற் குஞ்சின் கீழ்த்தாடையே முதலில் நீளும். மேற்றாடை பின்னரே அதனை எட்டும். ஆதலின் அக்குஞ்சு சிலகாலம் அரையலகு முரலின் உருவையே கொண்டிருக்கும். வாயை மட்டும் கண்டு முடிபு கூறுவோர் இங்கே தவறுவர். செதிலையும் ஒப்பிடுக: அரையலகு முரலின் செதில் பெரிது, ஊசிமுரலினது மிகச் சிறிது.

அரையலகு முரலுள்ளும் இனங்கள் பல. விலாவில் கரும்புள்ளிகள் வரிசையாய் அமைந்து, மேற்றாடை செதிலற்றதாயின் அது ஹெமிராம்பஸ் ஃபார் எனத் துணியலாம். செங்கடற் பகுதியில் ஆய்வு நடாத்திய ஃபோர்ஸ்கால் என்பார் 1763இல் இறந்தபின், 1775இல் வெளிவந்த அவரது நூலிலேயே இம்மீன் முதன்முதல் விவரிக்கப்பட்டது. இதன் வாற்செட்டையின் கீழ்ப்பிரிவு மேற்பிரிவினும் நீண்டது.

இம்மீனின் முதன்மை உணவு கடற்புல்லாகும். இரைப்பை இல்லாமையால், தொண்டையிலுள்ள பற்களாலேயே உணவை அரைத்துக் குடலுக்கு அனுப்பும். முட்டைகளிலுள்ள நுண்ணிழைகள் நீர்த்தாவரங்களைப் பற்றிக்கொள்ளும். எனவே கடற்புற்றரை இதற்கு உணவுச்சாலையும் தொட்டிலுமாகும்.

அடித்தள இழுவைமடி அப்புற்றரையை வேரோடு பெயர்க்கும். அத்தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் இருப்பினும், கரையை அறிந்த கண்களும் வேண்டும். புல் அழிந்த இடத்தில் முரல் குறைவதை முதலிற் காணக்கூடியவர், முரலை இனங்காண வல்லவரே. மாணவர்காள்! அடுத்த முறை சந்தையில் முரலைக் காணின், விலையைக் கேட்குமுன் தாடையையும் செதிலையும் நோக்குவீராக.