ஏர் ரைபிளுக்கு எந்த பெல்லட்?

திருச்சியில் துப்பாக்கி என்றால் முன்பெல்லாம் படைக்கலத் தொழிற்சாலையைத்தான் சொல்வார்கள். 2022 ஜூலையில் 47ஆவது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்தது. நடிகர் அஜித்குமாரும் அதில் சுட்டுப் பதக்கம் வாங்கினார். அதிலிருந்து பத்து மீட்டர் ஏர் ரைபிள் பற்றி வீடுகளிலும் பேசுகிறார்கள். பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் ஸ்ரீரங்கத்துப் பெற்றோர் முதலில் விசாரிப்பது ரைபிளின் விலையை. அதில் போடும் பெல்லட் என்ற சிறு ஈயக்குண்டையும் அதே அக்கறையோடு விசாரிக்க வேண்டும்.

காரணம் மதிப்பெண் கணக்கில் இருக்கிறது. இலக்கின் பத்தாம் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. மையத்திலிருந்து ஒவ்வொரு கால் மி.மீ. விலகலுக்கும் 0.1 குறையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 60 குண்டுகளில் 630.7 எடுத்தார், சராசரி 10.5. ஆனாலும் பத்தாம் இடம்தான் கிடைத்தது. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேரே போக முடியும்.

1. தலை தட்டையாக இருக்கட்டும்

கடையில் தட்டை, உருண்டை, கூர் என்று பல தலைகளில் பெல்லட் கிடைக்கும். போட்டிக்குத் தட்டைத் தலைதான். காகித இலக்கில் அது ஓட்டையைக் கத்தரித்தது போல வெட்டும். மதிப்பெண் பார்ப்பதில் தகராறு வராது. காற்றை அதிகம் எதிர்ப்பதால் சீக்கிரம் வேகம் இழக்கும். பத்து மீட்டருக்குள் அதனால் கெடுதல் இல்லை. தொலைவு கூடினால் உருண்டைத் தலை நல்லது. கூர்முனையை நம்ப வேண்டாம். முனை நடுவிலிருந்து இம்மி பிசகினாலும் குழு, அதாவது இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம், சிதறும்.

2. இடுப்பையும் அடிப்பகுதியையும் பாருங்கள்

4.5 மி.மீ. பெல்லட்டின் இடுப்பு ஒடுங்கி, அடிப்பகுதி பாவாடைபோல விரிந்து உள்ளே குடைவாக இருக்கும். பின்னாலிருந்து காற்றழுத்தம் தள்ளும்போது மெல்லிய ஈய விளிம்பு விரிந்து, குழலின் சுழல்வரிகளைக் கவ்விக் காற்றை அடைக்கும். எடை முன்பக்கம் இருப்பதால், பறக்கும்போது காற்றின் இழுவையே அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். விளிம்பு நசுங்கியிருந்தால் காற்று ஒருபக்கமாகக் கசியும். அந்தக் குண்டைப் பயிற்சியில்கூடப் போட வேண்டாம்.

3. தலை அளவைக் கவனியுங்கள்

டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பது தலையின் விட்டம். குழலுக்குக் குழல் பிடிப்பது மாறும். நண்பருடைய ரைபிளில் 4.50 பிரமாதமாக ஓடினாலும் உங்களுடையதற்கு 4.49 பிடிக்கலாம். எடை சுமார் 0.53 கிராம் உள்ளதில் தொடங்குங்கள்.

4. ரைபிளையே கேளுங்கள்

பயிற்சியாளர் மேற்பார்வையில் ரைபிளை அசையாத தாங்கியில் இறுக்குங்கள். கையால் பிடித்துச் சுட்டால், பிழை உங்களுடையதா பெல்லட்டுடையதா என்று பிரிக்க முடியாது. வகை மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஒரே இலக்கில் பத்துக் குண்டு. ஓட்டையின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து 6 மி.மீ.க்குள் வந்தால் நல்ல ஜோடி: குழு நடுவில் இருந்தால் எந்தக் குண்டும் 10.7க்குக் கீழே போகாது. 8 மி.மீ. என்றால் 10.3 வரை இறங்கும். அதை உங்கள் கை ஈடுகட்ட முடியாது. இன்னொரு நாளும் சோதித்து, இரண்டு நாளும் ஒத்துப்போனால் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

5. பேட்ச் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் அச்சு தேயத் தேய பேட்சுக்குப் பேட்ச் மாறும். பிடித்த பேட்ச் கிடைத்தால், போட்டிகள் முடியும்வரை போதுமான டப்பாக்களை ஒன்றாக வாங்கிவிடுங்கள்.

6. ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஊரில், ஐப்பசி மழையில் ஈயத்தின்மேல் வெள்ளைப் பொடி படியும். டப்பாவை இறுக மூடி, சிலிக்கா ஜெல் பையோடு உலர்ந்த இடத்தில் வையுங்கள். பொடி பூத்ததைத் தூக்கிப் போடுங்கள். ஈயம் நஞ்சு. பெல்லட்டை வாயில் வைக்கக் கூடாது; சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

50 மீட்டருக்குப் போகும்போது

.22 ரைபிளில் கணக்கு வேறு. அங்கே குண்டுக்கு ஒடுங்கிய இடுப்பு கிடையாது, சுமார் 2.6 கிராம் ஈயக்குண்டு சுழற்சியால்தான் நிலைகொள்ளும். போட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே கிளம்பும்படி செய்யப்படுகின்றன. அந்த வேகத்தைத் தாண்டிப் போய்த் திரும்பக் கீழே இறங்கும் குண்டு தள்ளாடும். அதனால் "அதிவேகம்" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கேயும் தாங்கியில் இறுக்கிச் சுட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலையும் விளம்பரமும் அதற்குப் பிறகு.