நோய் எல்லை வகுத்த மாவட்டம்

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் கலவாவோ என்றொரு மாவட்டம் இருக்கிறது. உங்களுக்குப் பதினாறு வயது நிறையவில்லை என்றால் அதற்குள் நுழைய அனுமதி இல்லை. அங்குப் பள்ளிக்கூடம் இல்லை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாவட்டத் தலைவரும் இல்லை. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தவர்கள் 82 பேர். நம் பள்ளியில் என்றால் மூன்று வகுப்பறைகளில் அவர்களை அமர்த்திவிடலாம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள ஆட்சிப் பிரிவைக் கவுண்டி என்பார்கள். நாம் மாவட்டம் என்று சொல்வதற்கு அது நெருக்கமானது. பெரும்பாலான கவுண்டிகளில் மக்களே தங்கள் ஆட்சிக் குழுவினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சொத்து வரி வசூலிப்பது, சாலை போடுவது, காவல் பணியைக் கவனிப்பது எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. கலவாவோ மட்டும் ஏன் இந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கிறது? விடையை அதன் நில அமைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மொலோக்காய் தீவின் வடகரையில், கடலுக்குள் நாக்கை நீட்டியதுபோல் ஒரு சிறிய தீபகற்பம் அமைந்திருக்கிறது. அதன் பெயர் கலாவுபாப்பா. எரிமலைக் குழம்பு கடலில் வழிந்து உறைந்ததால் உண்டான தட்டையான நிலம் அது. மூன்று பக்கமும் அலை மோதும் கடல். நான்காவது பக்கத்தில், தீவின் மற்றப் பகுதியிலிருந்து இதைப் பிரித்தபடி, சுமார் 500 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் செங்குத்தான மலைச்சுவர். இந்தத் தீபகற்பமும் அதை ஒட்டிய பள்ளத்தாக்குகளும் சேர்ந்ததே கலவாவோ மாவட்டம். அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 31 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்றும் அங்குக் கார் ஓட்டிச் செல்லும் சாலை வழி கிடையாது. மலைச்சுவரில் 26 வளைவுகளுடன் இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அதில் மனிதரும் கோவேறு கழுதையும்தான் போகலாம். சிறிய விமானங்கள் இறங்க ஓடுதளம் இருக்கிறது. எரிபொருள், சிமெண்டு, வாகனம் போன்ற கனமான பொருள்கள் ஆண்டுக்கு ஒரு முறை, கடல் அமைதியாக இருக்கும் கோடைக்காலத்தில், சரக்குக் கப்பலில் வந்து சேரும். அந்த நாளில் ஊரே படகுத்துறையில் கூடிவிடும்.

இந்த நிலம் எப்போதும் வெறுமையாக இருந்ததில்லை. பல நூற்றாண்டுகளாக ஹவாய்ப் பூர்வகுடி மக்கள் இங்கு வாழ்ந்தார்கள். கடற்காற்றிலிருந்து பயிரைக் காக்கத் தாழ்வான கற்சுவர்களை எழுப்பிச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டார்கள். 1849ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவுக்குப் பொன் தேடிப் போனவர்களின் பசியை ஆற்ற இங்கிருந்தும் கிழங்கு ஏற்றுமதியானது. அந்தக் கற்சுவர்களில் பல இன்னும் நிற்கின்றன.

அக்காலத்தில் ஹவாய் தனி நாடு; அதை அரசர்கள் ஆண்டார்கள். வெளிநாட்டவரின் வருகைக்குப் பின் புதிய நோய்கள் தீவுகளில் பரவி மக்களைக் கொன்று குவித்தன. தொழுநோயும் அவற்றுடன் வந்து சேர்ந்தது. அதற்கு மருந்து இல்லை. அது எப்படிப் பரவுகிறது என்றும் தெரியவில்லை. அச்சம் மட்டும் வேகமாகப் பரவியது. 1865ஆம் ஆண்டு, ஐந்தாம் கமேஹமேஹா மன்னரின் ஆட்சியில், தொழுநோயாளிகளைப் பிடித்துத் தனிமைப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. அவர்களை எங்கே வைப்பது? மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் மலைச்சுவரும் கொண்ட இந்த நிலத்தை அதிகாரிகள் தேர்ந்தெடுத்தார்கள். வேலி போட வேண்டிய வேலையை இயற்கையே முடித்து வைத்திருந்தது. கிழங்கு பயிரிட்ட பூர்வகுடி மக்கள் படிப்படியாக அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

1866ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களுமாகப் பன்னிரண்டு பேர் அங்கு முதன்முதலாக இறக்கிவிடப்பட்டார்கள். அவர்கள் தாங்களே பயிர் செய்து பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது. விரல்கள் மரத்துப்போனவர்களிடம், உடல் தளர்ந்தவர்களிடம் அப்படி எதிர்பார்த்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. போதிய வீடு, தண்ணீர், மருத்துவர் என எதுவும் இல்லாமல் தொடக்க ஆண்டுகள் கழிந்தன. அதன்பின் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்வகுடி மக்கள். சிறுவர் சிறுமியரும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர்.

ஹவாய் மொழியில் இந்நோய்க்குப் ‘பிரிக்கும் நோய்’ என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. உடலை அது என்ன செய்தது என்பதைவிட, குடும்பத்தை என்ன செய்தது என்பதையே மக்கள் பெயராக வைத்தார்கள். கணவனை அனுப்பிவிட்டு மனைவி வீட்டில் நின்றாள். பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டுத் தாய் கரையில் நின்றாள். பிரிய மனமில்லாத சிலர், நோய் இல்லாதபோதும் கூடவே வந்து தங்கிப் பணிவிடை செய்தார்கள். அவர்களைக் ‘கோக்குவா’, அதாவது உதவுபவர், என்று அழைத்தார்கள். நோயாளிகள் அங்கேயே திருமணம் செய்து குடும்பமாக வாழ்ந்ததும் உண்டு. ஆனால், பிறந்த குழந்தையைத் தாயிடம் விடமாட்டார்கள். உறவினரிடமோ அனாதை இல்லத்திடமோ ஒப்படைத்துவிடுவார்கள். பின்னாளில் உறவினர்கள் பார்க்க வந்தாலும், நடுவே கம்பிவலை இருந்தது.

அங்கு வந்து தொண்டு செய்தவர்களில் பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் டேமியனை உலகம் நன்கறியும். அவர் 1873இல் வந்தார். வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் பதித்தார், இறந்தவர்களுக்குச் சவப்பெட்டியும் செய்தார். இறுதியில் அவருக்கும் அந்நோய் வந்தது. 1889இல், 49ஆம் வயதில், அங்கேயே காலமானார். 2009இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவருடைய மரணச் செய்தி, தொழுநோயைப் பற்றிய அச்சத்தை உலகெங்கும் கூட்டியது. ஆனால், 1888இல் வந்த மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரீ முப்பது ஆண்டுகள் நோயாளிகளுடன் வாழ்ந்தும் அவருக்கு நோய் தொற்றவில்லை. தொழுநோய் எளிதில் தொற்றாது. மிகப் பெரும்பாலான மனிதர்களுக்கு இயல்பாகவே எதிர்ப்பாற்றல் உண்டு என்பது இன்று மருத்துவ உலகம் அறிந்த உண்மை. டேமியன் அங்கு வந்திறங்கிய அதே 1873ஆம் ஆண்டில்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார்.

நல்ல மருந்து கலாவுபாப்பாவுக்கு வந்தது 1946இல். சல்போன் வகை மருந்துகள் நோயைக் கட்டுப்படுத்தின. நோய் தணிந்த சிலர் வெளியே செல்ல அனுமதி பெற்றார்கள். எனினும் தனிமைப்படுத்தும் விதி முழுமையாக நீக்கப்பட்டது 1969இல். இடையில் இருபத்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. விதி நீங்கிய பின்னரும் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். சிறு வயதிலேயே கொண்டுவரப்பட்டவர்களுக்கு வெளியில் யார் இருக்கிறார்கள்? முகத்திலும் கையிலும் நோய் விட்டுச்சென்ற தழும்புகளைக் கண்டு வெளியுலகம் விலகி நடக்கும். ஒரு காலத்தில் சிறையாக இருந்த இடம் அவர்களுக்கு வீடாகியிருந்தது. விரும்பும்வரை அவர்கள் அங்கேயே வாழலாம் என்று மாநில அரசாங்கம் உறுதியளித்தது.

இப்போது ஆட்சி முறைக்கு வருவோம். ஹவாய் 1898இல் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. 1905இல் தீவுகள் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. மொலோக்காய் தீவின் மற்றப் பகுதி மாவி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தொழுநோய்க் குடியிருப்பை மட்டும் அதில் சேர்க்காமல் தனியே விட்டார்கள். அதுவே கலவாவோ மாவட்டம். அதைச் சுகாதாரத் துறை ஆள்கிறது. மாநிலச் சுகாதாரத் துறையின் இயக்குநர்தான் அதன் மேயராகவும் கருதப்படுகிறார். மாவட்ட மன்றம் கிடையாது. ஷெரிப் எனப்படும் காவல் அதிகாரியையும் அத்துறையே நியமிக்கிறது. அங்கு வாழ்பவர்கள் மாநில ஆளுநரையும் அமெரிக்க அதிபரையும் தேர்ந்தெடுக்க வாக்களிக்கிறார்கள். தங்கள் மாவட்டத்தை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவர்களுக்கு வாக்கு இல்லை. மருத்துவமனையை நடத்துவதுபோல் ஒரு மாவட்டத்தை நடத்தினால் இப்படித்தான் இருக்கும்.

மக்கள்தொகை எண்களைப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் தெரிந்துவிடும். 1900இல் 1,177 பேர். 1950இல் 340 பேர். 2000இல் 147 பேர். 2020இல் 82 பேர். பிற ஊர்களில் மக்கள்தொகை குறைந்தால், இளையோர் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்போம். இங்கு அப்படியன்று. குழந்தைகள் வளர இடமில்லாத ஊர் இது. 1969க்குப் பின் புதிய நோயாளிகளும் அனுப்பப்படவில்லை. எஞ்சியிருப்பவர்கள் மூப்பெய்தி ஒவ்வொருவராக மறைகிறார்கள். இன்று அங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் சுகாதாரத் துறையிலும் தேசியப் பூங்காத் துறையிலும் பணிபுரியும் ஊழியர்கள். முன்னாள் நோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம் நாட்டிலும் இதையொத்த வரலாறு உண்டு. பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் தொழுநோயாளிகள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். 1930இல் சுங்கை பூலோவில் பெரிய குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்டது. அங்கும் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். அங்கு வாழ்ந்தவர்கள் செடி வளர்த்து விற்கத் தொடங்கியதால், சுங்கை பூலோ இன்றும் பூச்செடிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்றிருக்கிறது. ஆனால், சுங்கை பூலோ நகருக்கு அருகிலேயே இருந்தது. நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. கலவாவோவை மலைச்சுவர் அப்படியே வைத்திருக்கிறது.

கடைசி நோயாளியும் மறைந்த பிறகு இந்த மாவட்டம் என்னவாகும்? அன்றோடு சுகாதாரத் துறை அங்கிருக்க வேண்டிய காரணம் தீர்ந்துவிடும். 1980 முதல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாகவும் இருக்கிறது. நாளொன்றுக்கு வருகையாளர் நூறு பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பும் உண்டு. அந்த வரம்பை எடுத்துவிட்டால் சுற்றுலாக் கூட்டம் குவிந்துவிடும் என்று மேலே வாழும் மொலோக்காய் மக்கள் பலர் அஞ்சுகிறார்கள். நிலத்தின் ஒரு பகுதி ஹவாய்ப் பூர்வகுடி மக்களின் நலனுக்கென்று ஒதுக்கப்பட்டது. அது பூங்காவுக்குக் குத்தகையாகத்தான் தரப்பட்டிருக்கிறது. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள் மீண்டும் குடியேற இடம் தரலாமே என்று கேட்போரும் உள்ளனர். கேட்கும்போது ஒவ்வொருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

நோயாளிகளின் சந்ததியினர் அதற்கு முன்பே வேறொன்றைக் கேட்டார்கள். அங்குப் புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோரின் கல்லறைக்கு இன்று அடையாளமே இல்லை. அனுப்பப்பட்ட ஒவ்வொருவரின் பெயரையும் பொறித்து நினைவிடம் எழுப்ப வேண்டும் என்பதே அவர்களின் வேண்டுகோள். அதற்கு அனுமதி தரும் சட்டம் 2009இல் அமெரிக்காவில் நிறைவேறியது. சந்ததியினர் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பெயர்களைத் தொகுத்தார்கள். பாட்டனுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதையே அப்போதுதான் அறிந்துகொண்ட குடும்பங்களும் உண்டு.