பழைய கம்ப்யூட்டரா, தின் கிளையன்டா?

கேள்வி: ராபர்ட்சன்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறோம். பத்துப் பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டு தின் கிளையன்ட் போடலாமா?
– வாசகர், கோலார் தங்கவயல்

பதில்: அவசரம் வேண்டாம். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் ஏறத்தாழ 92 மைல் கம்பி வழியே வந்து உங்கள் ஊர்ச் சுரங்கங்களுக்கு உயிர் கொடுத்தது. தின் கிளையன்டும் அதே ஏற்பாடுதான்: வேலை நடப்பது சர்வரில், மேஜையில் இருப்பது வெறும் திரையும் கீபோர்டும். ஆகவே முதல் பணம் சர்வருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் பேக்கப்புக்கும் போகட்டும். பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஏற்றினால் அவையே டெர்மினல் ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், அதில் ஓடும் கம்ப்யூட்டர்களுக்கு எப்படியும் இந்த மாற்றம் தேவைதான். பில்லிங் மென்பொருள் எழுத்துத் திரையில் மட்டும் ஓடுவதென்றால் இலவச டெர்மினல் எமுலேட்டர் போதும். விண்டோஸ் சர்வரில் ஓடுவதென்றால் ரிமோட் டெஸ்க்டாப் வேண்டும். அதற்கு ஆளுக்கோ கருவிக்கோ தனி லைசென்ஸ் உண்டு. விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

சர்வர் படுத்தால் கடையே படுத்துவிடாதா என்பீர்கள். படுக்கும். ஆனால் கணக்கு முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் இன்றைக்கும் அதே கதிதான். சர்வர் என்றால் பேக்கப் ஒரே இடத்தில் எடுத்தால் போதும். கரன்ட் பில் குறையும் என்பதும் நிஜம், ஆனால் பத்து சீட்டுக்கு அது பெரிய தொகையல்ல. பழையவை ஒவ்வொன்றாகப் பழுதாகும்போது தின் கிளையன்ட் வாங்குங்கள். வாங்குமுன் உங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை அதில் செருகி ஒரு பில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.