கூட்டுப் பொருட்களும் அவற்றின் பயன்களும்



எங்க வல்லம் பக்கம் மண் சுவர் வைப்பவர்கள், சேற்றில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பாங்க. ஏன்? வெறும் மண் காய்ந்தால் வெடித்துவிடும். வைக்கோல் அதை இழுத்துப் பிடிக்கும். காம்போசிட் எனப்படும் கூட்டுப் பொருளின் தத்துவமும் இதுவேதான்.

கூட்டுப் பொருளில் முக்கியமானவை இரண்டு: இழை, ரெசின். இழை பாரத்தைத் தாங்கும். ரெசின் இழைகளை விலகாமல் பிடித்து, பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும். மரக்காணம் கடற்கரையில் நாம் பார்க்கும் பைபர் படகு, கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து உருவானது. உப்புக் காற்றிலும் துருப் பிடிக்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும்: இழை ஓடும் திசையில்தான் பலம் அதிகம். ஆகவே இழைகளைப் பல திசைகளில் அடுக்கடுக்காக வைக்கிறார்கள்.

இதன் பெரிய சிறப்பு, பலம் குறையாமல் எடை குறைவது. அக்னி ஏவுகணை 1989-ல் முதன்முதலாக ஏவப்பட்டது. அதற்காக இலேசான கூட்டுப் பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் டாக்டர் அப்துல் கலாம். ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அந்தப் பொருளைத் தூக்கிப் பார்த்து வியந்து, அவரைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே சின்னப் பிள்ளைகள் 3 கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் காலிப்பரை இழுத்து இழுத்து நடந்தாங்க. மூன்றே வாரத்தில் 300 கிராம் காலிப்பர் தயாரானது!

நண்பர்களே, நாளை நாம் ஒரு பொருளை டிசைன் செய்யும்போது, "இது எவ்வளவு தாங்கும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இதைச் சுமக்கப் போவது யார்?" என்றும் கேட்போம்.