மணிக்கட்டை முறுக்கினால் கத்தி விழாது

"கத்தியோட வந்தான்னா மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கணும் மாஸ்டர், கத்தி தானா கீழ விழுந்துடும்." வகுப்பில் சேர வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். ரீல்ஸில் பார்த்திருப்பார்கள். பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவில் மஞ்சள் பெல்ட் கட்டிய மாணவி மரக்கத்தியைப் பிடுங்கிக் கைதட்டல் வாங்கியதைப் பார்த்திருப்பார்கள். மகளிர் தினத்தன்று கல்லூரிகளில் நடக்கும் இரண்டு மணி நேரப் பயிலரங்கிலும் இதே வித்தையைக் காட்டி, சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். சிலம்பமும் தற்காப்பும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்: பொதுமக்களுக்கு இப்போது கற்றுத்தரப்படும் பாடங்களில் இதைவிட ஆபத்தானது வேறில்லை.

நம்பிக்கை 1: மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினால் கத்தியைப் பறித்துவிடலாம்.

உண்மை: மேடையில் நடப்பதை உற்றுப் பாருங்கள். கத்தி வைத்திருப்பவர் ஒரே ஒரு முறை குத்துவார். குத்திய கையை நீட்டியபடியே அசையாமல் நிற்பார். அவருடைய இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். பிடிக்கப்போகிறவருக்கு எந்தக் கையில் கத்தி, எந்தப் பக்கமிருந்து வரும், எப்போது வரும் என்பதெல்லாம் முன்பே தெரியும். இந்த நான்கு வசதிகளில் ஒன்றுகூடத் தெருவில் கிடைக்காது.

உண்மையாகவே குத்த வருகிறவன் கத்தியைக் காட்டுவதில்லை. சட்டைக்குள்ளோ தொடைக்குப் பின்னாலோ மறைத்துக்கொண்டு, பேச வருகிறவன் போலப் பக்கத்தில் வருகிறான். இடது கையால் சட்டையையோ தலைமுடியையோ பிடித்து இழுக்கிறான். வலது கையால் குத்தி, இழுத்து, மறுபடி குத்துகிறான். நீட்டிய கை நீட்டியபடி நிற்பதே இல்லை. கண்காணிப்புக் கேமராவில் பதிவான தாக்குதல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பிழைத்து வந்தவர்கள் பலர், முதலில் யாரோ குத்துவிட்டதாகத்தான் நினைத்தோம், ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கத்தி என்றே தெரிந்தது என்கிறார்கள். கத்தி இருப்பதே தெரியாதவர் எந்த மணிக்கட்டைப் பிடிப்பார்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, தலையணையில் ஐந்து விநாடிக்குள் எத்தனை முறை குத்த முடிகிறது என்று எண்ணுங்கள். எந்தப் பயிற்சியும் இல்லாதவருக்கே பத்துக்குக் குறையாது. அந்த வேகத்தில் போய்வரும் கையின் மிக வேகமான பகுதி மணிக்கட்டு. வியர்வையிலும் ரத்தத்திலும் வழுக்கும் இடமும் அதுதான். உயிர்பயத்தில் இதயம் அடித்துக்கொள்ளும்போது விரல்களின் நுணுக்கமான பிடிகள்தான் முதலில் கைவிட்டுப் போகும். மணிக்கட்டு முறுக்கு முழுக்க முழுக்க அந்த நுணுக்கப் பிடியை நம்பியிருக்கிறது.

என் வகுப்பில் இதை வாயால் வாதாடுவதில்லை. "எனக்கு முறுக்கத் தெரியும்" என்பவருக்கு வெள்ளைப் பனியன் ஒன்றைப் போட்டுவிடுவேன். எதிரே நிற்பவர் கையில் சிவப்பு மார்க்கர் பேனா. "உங்களால் முடிந்தவரை தொடுங்கள்" என்பது மட்டும்தான் அவருக்குச் சொல்லப்படும். ஐந்தாறு விநாடியில் விசில் ஊதியதும் பனியனைக் கழற்றித் தரையில் விரித்துப் பார்ப்போம். வயிற்றுப் பக்கம் புள்ளிகள், விலாவில் இழுத்த கோடுகள், அக்குளுக்குக் கீழே ஒன்று, சில நேரம் கழுத்துப்பட்டியில் ஒன்று. மணிக்கட்டைப் பிடித்தே விட்டவருடைய பனியனிலும் பிடிப்பதற்கு முன் விழுந்த புள்ளிகள் இருக்கும். கறையே இல்லாமல் ஒரு பனியனும் வந்ததில்லை. அதன்பிறகு அவர்கள் மணிக்கட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கே நிலைமை இதுதான். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டுவெல்லர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் சராசரி ஆள் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான் என்று சோதித்துச் சொன்னார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது. ஆயுதம் ஏந்திய போலீஸ்காரருக்கே 21 அடி போதவில்லை என்றால், கையில் டிபன் பையோடு நிற்கும் உங்களுக்கு இரண்டடி தூரத்தில் மணிக்கட்டு வித்தை எப்படிப் போதும்?

"அப்படியென்றால் கையைப் பிடிக்கவே கூடாதா?" என்று கேட்பார்கள். ஓட வழியில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டால் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மணிக்கட்டை அல்ல, முறுக்குவதற்கும் அல்ல. தாடையைத் தாழ்த்தி, முன்னங்கையின் வெளிப்புறம் அவனைப் பார்த்திருக்கும்படி கழுத்தை மறைத்துக்கொண்டு உள்ளே நெருங்க வேண்டும். முன்னங்கையின் உட்புறத்தில்தான் நாடிகளும் தசைநாண்களும் மேலோட்டமாக ஓடுகின்றன. பிறகு அவனுடைய கத்திக் கையை, முழங்கைக்குப் பக்கத்தில், இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து, அவன் உடம்போடோ சுவரோடோ முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டும். கத்தி அசையாமல் நிற்கும் அந்த ஓரிரு கணத்தில் முட்டியால் இடித்து, தள்ளிவிட்டு, ஓட வேண்டும். இது பார்க்க அழகாக இருக்காது, மேடையில் கைதட்டலும் வாங்காது. இதைச் செய்தாலும் காயம் படலாம். காயம் குறைவாகப் படுவதும் உயிரோடு வெளியேறுவதும்தான் இதன் நோக்கம்.

நம்பிக்கை 2: ஓடுவது கோழைத்தனம்.

உண்மை: சிலம்பக்காரன் சொல்கிறேன், போர்க்கலையின் முதல் பாடமே தூரம்தான். நெற்றி உயரக் கம்பு எதற்கு? எதிராளியை எட்டாத தூரத்தில் நிறுத்துவதற்கு. ஜப்பானில் 2001 ஜூன் 8 அன்று ஒசாகா அருகே இகேடா தொடக்கப் பள்ளியில் ஒருவன் கத்தியோடு புகுந்து எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். அதற்குப் பிறகு அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக வாங்கி வைக்கப்பட்ட கருவி 'சசுமாத்தா'. எடோ காலத்துக் காவலர்கள் பயன்படுத்திய, முனையில் கவை வைத்த நீண்ட கம்பு அது. ஆசிரியர்கள் அதை வைத்து ஆளைத் தள்ளி நிறுத்தப் பழகுகிறார்கள். யாரும் கத்தியைப் பிடுங்கப் பழகுவதில்லை. 2019 நவம்பரில் லண்டன் பாலத்தருகே நடந்த தாக்குதலில், சுவரில் மாட்டியிருந்த நார்வால் திமிங்கிலத்தின் நீண்ட தந்தத்தையும் தீயணைப்பானையும் எடுத்துத்தான் அங்கிருந்தவர்கள் கொலையாளியை எதிர்த்தார்கள். பிரிட்டிஷ் காவல்துறை தன் மக்களுக்குச் சொல்வதும் மூன்றே சொல்தான்: ஓடு, ஒளி, தகவல் சொல்.

கம்பு இல்லாத இடத்தில் நாற்காலி, குடை, ஹெல்மெட், முதுகுப்பை. நிறுத்தியிருக்கும் பைக்கை நடுவில் வைத்துச் சுற்றிச்சுற்றி வந்தாலே நேரம் கிடைக்கும். நகையோ போனோ கேட்டு மிரட்டுகிறானா? ஒரு பக்கம் தூக்கி எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுங்கள்.

நம்பிக்கை 3: காய் நறுக்கும் சின்னக் கத்தி என்ன செய்துவிடும்?

உண்மை: வேல்ஸைச் சேர்ந்த தடயவியல் மருத்துவர் பெர்னார்ட் நைட் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. கத்திக் குத்தில் முக்கியம் முனையின் கூர்மை. தோலைத் துளைக்கும்வரைதான் எதிர்ப்பு. துளைத்துவிட்டால் பெரிய பலம் தேவையில்லை. கத்தியின் அளவைப் பார்த்துத் தைரியம் கொள்ளாதீர்கள்.

நம்பிக்கை 4: நாமும் பையில் ஒரு கத்தி வைத்துக்கொண்டால் பாதுகாப்பு.

உண்மை: பைக்குள் கைவிட்டுத் தேடும் நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். கையில் எடுத்துவிட்டால் ஓட வேண்டிய கால்கள் சண்டைக்கு நின்றுவிடும். சட்டமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடாது என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திக் குத்தினால் வழக்கு உங்கள் மேல்தான்.

நம்பிக்கை 5: வர்மத்தில் தொட்டால் விழுந்துவிடுவான், பெப்பர் ஸ்பிரே இருந்தால் போதும்.

உண்மை: குமரி மாவட்டத்து ஆசான்கள் வர்மத்தைப் பல வருடம் பழக்கிய சீடனுக்குத்தான் தருவார்கள். ஒருநாள் வகுப்பில் வர்மம் விற்பவரிடம் ஏமாறாதீர்கள். ஸ்பிரே பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்தான் எரியும். கண் எரிந்தாலும் பிடித்த சட்டையை விடாமல் குத்துகிறவன் உண்டு.

நம்பிக்கை 6: குத்திய கத்தியை உடனே பிடுங்க வேண்டும், காயத்தில் காப்பித்தூள் வைத்தால் ரத்தம் நிற்கும்.

உண்மை: இரண்டும் உயிரை எடுக்கும். உள்ளே நிற்கும் கத்தி, வெட்டுப்பட்ட ரத்தக்குழாயை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கலாம். அதை அசையாமல் சுற்றித் துணி வைத்து அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எடுக்க வேண்டியவர் அறுவை மருத்துவர். காப்பித்தூளும் மஞ்சள்தூளும் ஆழமான காயத்தில் ரத்தத்தை நிறுத்தாது. நிறுத்துவது அழுத்தம் ஒன்றுதான்.

வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகும். 108 வண்டி எவ்வளவு விரைவாக வந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன. துண்டோ துப்பட்டாவோ எடுத்துக் காயத்தின் மேல் இரண்டு கைகளாலும், உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். கழுத்தின் பக்கவாட்டிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ பீறிடும் ரத்தம் அழுத்தியும் நிற்கவில்லையா? காயத்துக்கு மேலே மூன்று விரல் அளவு தள்ளி, மூட்டின் மேல் படாமல், அகலமான பட்டையைக் கட்டி, குச்சி செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். சணல் கயிறோ செருப்பு வாரோ உதவாது, சதையை வெட்டும். மார்பிலும் வயிற்றிலும் குத்துப்பட்டவரை ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும்.

"போலீஸ் கேஸ், எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க" என்று மருத்துவமனை சொல்லுமே என்று தயங்காதீர்கள். 1989-இல் பர்மானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும், சட்டச் சடங்குகளுக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காக்க வேண்டும்.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும்?

சாதாரண மனிதர்களுக்கான பாடத்திட்டம் ஆறு வாரம் இருந்தால் போதும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வந்து பழக வேண்டும். முதல் நாளே சீருடை வேண்டாம். புடவையில் வருகிறவர் புடவையில், செருப்போடு, தோளில் பையோடு பழகட்டும். வெட்டவெளிக் களம் மட்டும் போதாது. மாடிப்படியில், பஸ் இருக்கைகளுக்கு நடுவில், காருக்குள் சீட் பெல்ட் போட்டபடி பழக வேண்டும். நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, கவனிக்கவும் கத்தவும் ஓடவும். "காப்பாத்துங்க" என்று மட்டும் கத்தாமல் "கத்தி! கத்தி வெச்சிருக்கான்!" என்று கத்தினால்தான் சுற்றியிருப்பவர்களும் தப்பிப்பார்கள். இன்னொரு பங்கு, மாட்டிக்கொண்டால் கையைக் கட்டிப்பிடித்து விடுபட்டு ஓடவும், வெளியே வந்ததும் கழுத்து, அக்குள், விலா, தொடை இடுக்கு எங்கும் உள்ளங்கையால் தடவி ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கவும். கடைசிப் பங்கு முழுவதும் ரத்தத்தை நிறுத்தப் பழக. இந்தக் கடைசிப் பங்கை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கத்தியே பார்க்காமல் வாழ்ந்துவிடுகிறவருக்கும் இது சாலை விபத்தில், பட்டறையில், வயலில் உதவும்.

அமெரிக்காவில் 2015 அக்டோபரில் 'ஸ்டாப் தி ப்ளீட்' என்ற இயக்கத்தை வெள்ளை மாளிகையே தொடங்கி வைத்தது. பள்ளிகளிலும் விமான நிலையங்களிலும் ரத்தம் நிறுத்தும் உதவிப் பெட்டிகளைத் தீயணைப்பான் போல மாட்டி வைக்க வழி செய்தார்கள். நம் பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அதைச் செய்வதற்குப் பெரிய செலவு ஆகாது. எண்ணம்தான் வேண்டும்.

தலைமை ஆசிரியர்களே, கல்லூரி முதல்வர்களே, மேடையில் கத்தி பிடுங்கும் காட்சியை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். அந்தக் கைதட்டலை நம்பி ஒரு பிள்ளை கத்தியை நோக்கிக் கை நீட்டினால் பொறுப்பு உங்களுடையது. அதற்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். பெற்றோரே, காசு கட்டும் முன் பயிற்சியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "மார்க்கர் பேனா வைத்து, நிறுத்தாமல் குத்தும் ஆளோடு பழக்குவீர்களா? ரத்தத்தை நிறுத்தச் சொல்லித்தருவீர்களா?" இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், அந்த வகுப்பில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.