நன்னூலின் முக்கால் பங்கும் உப்பளத்து வலிச்சொற்களும்: இயன்முறை மருத்துவக் கல்வியில் வழிகாட்டப்பட்ட தற்கற்றல்

திறவுச் சொற்கள்: தற்கற்றல், நன்னூல், இயன்முறை மருத்துவம், வலிச்சொற்கள், இடக்கரடக்கல், மரக்காணம்

ஆசிரியர் உரைப்பதை முழுமையாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்கே என்கிறது நன்னூலின் பொதுப்பாயிரம். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கும், பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் வந்து சேரும் என்பது பவணந்தியாரின் கணக்கு. அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் தற்கற்றல் குறித்த தம் நூலை 1975இல் வெளியிட்டார். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகுப்பறைக்கு வெளியே நிகழும் கல்விக்கு முக்கால் பங்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. எனினும் முக்கால் பங்கையும் மாணவர் தலையில் கட்டிவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்வது தற்கற்றல் ஆகாது. எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, யாருக்கு விளக்குவது என வரையறுத்த பணித்தாளோடு மாணவரை அனுப்புவதே வழிகாட்டப்பட்ட தற்கற்றல்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டம் நான்காண்டுப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியுமாக நடந்து வந்துள்ளது, பாடமொழி ஆங்கிலம். நோயாளியின் மொழி தமிழ். இவ்விடைவெளி எத்தகையது என்பதை மரக்காணத்து உப்பளம் தெளிவாகக் காட்டும்.

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், கழுவெளியை ஒட்டி அமைந்த ஊர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அளம், உமணர் எனச் சங்க நூல்கள் அறிந்த தொழில் இங்கு இன்றும் நடக்கிறது. பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்குதல், உவர்நீர் பாய்ச்சுதல், படிந்த உப்பை நீண்ட காம்புடைய பலகையால் வாருதல், கூடையில் தலைச்சுமையாகக் கரை சேர்த்து அம்பாரமாகக் குவித்தல் என வேலை நீளும். வாரும்போது முழங்கால் அதிகம் மடங்குவதில்லை, இடுப்பே முன்வளைகிறது. பாதம் உவர்நீரில் ஊறி வெடிக்கிறது. இடுப்பு முள்ளெலும்பின் அசைவை நூலில் கற்ற மாணவருக்கு இதனினும் சிறந்த விளக்கப்படம் கிடைப்பது அரிது.

ஆனால் சிக்கல் சொல்லில் தொடங்குகிறது. தொழிலாளி 'கடுக்குது' என்கிறார், 'குடையுது' என்கிறார், 'உளையுது', 'பிடிச்சுக்குது', 'மதமதன்னு இருக்கு' என்கிறார். மாணவரின் குறிப்பேட்டில் இவை ஐந்தும் 'வலி' என்னும் ஒரே சொல்லாகச் சுருங்குகின்றன. கடுப்பு பெரும்பாலும் உழைத்த தசையின் சோர்வைச் சுட்டும். பிடிப்பு அசைவைத் தடுக்கும் இறுக்கம். குடைச்சல் ஆழத்தில் உணரப்படுவது. மதமதப்பு வலியே அன்று, உணர்ச்சிக் குறைவு. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் மதமதப்பு நரம்பு நெருக்குண்டதன் அறிகுறியாகலாம். இச்சொற்பொருள்கள் வட்டாரந்தோறும் வேறுபடுவதால், கேட்ட சொல்லின் பொருளைச் சொன்னவரிடமே உறுதிசெய்துகொள்வது பணித்தாளின் ஒரு பகுதி ஆதல் வேண்டும். ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியது. அதன் தமிழாக்கத்தை மட்டும் நம்பும் மாணவர் உப்பளத்தின் சொல்லடுக்கைத் தவறவிடுவார். ஆகவே முதல் பணி, கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதி, எந்த உறுப்பில், எந்த வேலையின்போது, எவ்வளவு நேரம் என அதனருகே குறிப்பதாகும். இரண்டாம் பணி, ஒரே தொழிலாளியின் கூற்றை இரு மாணவர் எழுதியதை ஒப்பிட்டு, முரணும் இடத்தில் மீண்டும் சென்று கேட்பது. பவணந்தியாரின் இரண்டாம் கால் பங்கு இதுவே.

இன்னும் கடினமான இடம் ஒன்றுண்டு. தண்டுவடத்தின் கீழ் முனையில் உள்ள நரம்புக் கற்றை நெருக்குண்டால் சிறுநீர் கழிப்பதில் மாற்றமும், இருக்கையில் படும் உறுப்புகளில் உணர்ச்சியின்மையும் தோன்றும். அது உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்பவேண்டிய நிலை. தாமதம் நிலையான ஊனத்தில் முடியக்கூடும். இக்கேள்வியை ஆங்கிலத்தில் பிழையின்றிச் சொல்லும் இளைஞர், தம் தாய் வயதுடைய உப்பளப் பெண்மணியிடம் கேட்கக் கூசி விட்டுவிட வாய்ப்புண்டு. நன்னூலார் தகுதி வழக்கில் வைத்த இடக்கரடக்கல் இங்கு மருத்துவக் கருவியாகிறது. 'அம்மா, ஒன்றுக்குப் போறதுல ஏதாவது மாற்றம் தெரியுதா? உட்காருற இடம் மரத்துப்போன மாதிரி இருக்கா?' என்னும் இரு தொடர்களை மாணவர் களம் புகுமுன் வாய்விட்டுப் பயிலவேண்டும். தேர்வுத்தாளில் இதற்கு மதிப்பெண் இல்லை என்பது பாடத்திட்டத்தின் குறையேயன்றி மாணவரின் குறையன்று.

எஞ்சிய அரைப் பங்கு விரித்துரைத்தலில் உள்ளது. 'குனியாதீர்கள்' என்னும் அறிவுரை உப்பளத்தில் பொருளற்றது; குனியாமல் உப்பு வாராது. காம்பின் நீளம் ஆளின் உயரத்துக்குப் பொருந்துகிறதா, முன்வைக்கும் காலையும் கையையும் மாற்றி வார முடியுமா, கூடையின் சுமையைக் குறைத்து நடையைக் கூட்டினால் கூலி குறையுமா என்பவற்றைத் தொழிலாளியோடு பேசித்தான் அறிய முடியும். அவர் மறுத்தால், மறுப்பின் காரணத்தை அவர் சொற்களிலேயே எழுதி ஆசிரியரிடம் கொணர்வது மாணவர் கடமை. அதனைத் திருத்தாமல் வாசிப்பது ஆசிரியர் கடமை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடும். ஆதலால் இத்தகைய பாட அலகைக் கோடைப் பருவத்தில், வெயில் ஏறுமுன் தொழில் நடக்கும் காலை நேரத்தில் வைப்பதே பொருந்தும்.