தொலைவிலுள்ள குவாண்டம் யந்திரமும் நம் இரகசியமும்

கிருஷ்ணகிரியினின்று ஒசூர் செல்லும் பெருவழியிலுள்ள குந்தாரப்பள்ளி, கால்நடைச் சந்தைக்குப் பேர்போன ஊர். மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டினாற் கையை மூடி, விரல் தொட்டு விலை பேசும் வழக்கத்தை நம்மிற் பலர் அறிவர். சுற்றி நிற்போர் விலையை அறியார், தரகரோ அறிவார். ஆகவே மறைத்தல் இருவகைப்படும்: அயலாரிடமிருந்து மறைத்தல் ஒன்று, வேலை செய்பவரிடமிருந்தே மறைத்தல் மற்றொன்று.

முதல் வகைக்கு வழிகாட்டிய ஆராய்ச்சியுரையொன்று, நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 1984-ஆம் ஆண்டு டிசம்பரில் கூடிய சர்வதேச மகாநாட்டில் வெளியாயிற்று. அதன் ஆசிரியர் பென்னெட், பிரஸார்டு என்னும் இருவர். ஒளித்துகள்களின் வழியே அனுப்பும் இரகசியத் திறவுகோலை இடையில் ஒருவன் அளந்தறிய முயலின், அவற்றின் நிலை கலைந்து அவன் களவு வெளிப்படும் என்பது அவர்தம் கருத்து.

இரண்டாம் வகையே அரிது. குவாண்டம் யந்திரம் பெரும்பொருட் செலவில் அமைவது. ஆதலின் தொலைவிலிருந்தே பலரும் அதனைப் பயன்படுத்துவர். 2016-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஐந்து க்யூபிட் கொண்ட யந்திரத்தை இணையவழியே பிறர்க்குத் திறந்துவைத்தது. ஒசூரிலுள்ள தொழிற்சாலையொன்று புதியதோர் உலோகக் கலவையைப் பற்றிய கணக்கை இவ்வாறு அனுப்புமாயின், யந்திரமுடையார் அதனைக் கண்டுகொள்ளக் கூடுமன்றோ?

இதற்கு 2009-இல் பிராட்பெண்ட், ஃபிட்ஸ்சைமன்ஸ், கஷெஃபி ஆகிய மூவர் ஒரு முறை வகுத்தனர். செய்பவருக்கே தாம் செய்வது இன்னதெனத் தெரியாமையின், அது 'குருட்டுக் கணிப்பு' எனப்படும். கணக்குடையவர் ஒவ்வொரு க்யூபிட்டையும், எட்டுக் கோணங்களுள் மனம்போனவாறு தேர்ந்த ஒன்றில் அமைத்து அனுப்புவர். யந்திரமுடையார் அவற்றை ஒன்றோடொன்று பிணைப்பர். பின்னர், இன்ன கோணத்தில் அளக்க எனக் கட்டளை செல்லும். அக்கட்டளையில் உண்மைக் கோணத்தோடு இரகசியக் கோணமும் கலந்திருத்தலின், அளப்பவருக்கு அது பொருளற்ற எண்ணாகவே தோன்றும். கணக்கின் அளவு ஒன்றே வெளிப்படும். 2012-இல் வியன்னா விஞ்ஞானிகள் நான்கு ஒளித்துகள்களைக் கொண்டு இதனைச் செய்துகாட்டினர்.

மறைத்தல் மட்டும் போதுமோ? விடை மெய்யோ என்றும் அறிதல் வேண்டும். விடை முன்னரே தெரிந்த சோதனைக் க்யூபிட்டுகளை இடையிடையே கலந்து வைத்தால், பிழையும் வஞ்சனையும் அகப்படும்.

ஆயின், இம்முறைக்குக் கணக்குடையவரிடத்தும் க்யூபிட் அமைக்கும் சிறு கருவியும், அதனைச் சிதையாது கொண்டுசெல்லும் வழியும் வேண்டும். இக்குறையை நீக்குதலே இன்றைய பெருமுயற்சி. 2023-இல் தொடங்கிய தேசிய குவாண்டம் இயக்கத்தின் கணிப்பு மையம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அமைந்துள்ளது. அங்கெழும் யந்திரங்களை நம் எல்லைப்புறத் தொழிலாளர் அச்சமின்றிப் பயன்படுத்த வேண்டின், யந்திரத்தின் வலிமையோடு மறைவின் உறுதியையும் ஆராய்தல் மாணவர் கடனாகும்.